செயலாளரின் ஆண்டறிக்கை: சவாரி, கருவி அறை, சந்தா பாக்கி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் நகலை அனுப்பத்தான் போகிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு முதல் இன்று வரையிலான நம் சைக்கிள் சங்க நடவடிக்கைகளை விதிப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு முறைப்படி கூடியது. மாதாந்திரச் சவாரிகள், மழை கெடுத்த சில வாரங்கள் நீங்கலாக, நடந்தன. ஆண்டு விழா நடந்தது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். சிலர் சொல்லிக்கொண்டு விலகினார்கள், சிலர் சொல்லாமல். நூலக அலமாரிக்குப் பூட்டு வாங்கப்பட்டது.

அடுத்தது கருவி அறை. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். "செயலாளர் தன் சொந்த ஆசைக்கு ஓர் அறையைப் பிடித்துக்கொண்டார்" என்று ஒரு பேச்சு உலவுவது என் காதுக்கும் வந்தது.

அறையில் செயின் சரிபார்ப்பு நாள் என்று ஒன்றை ஆரம்பித்தோம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, ஓர் இரும்பு அளவுகோல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகளை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலத்தைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் புதுச் செயின் வாங்கும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். அதன் மேல் புதுச் செயின் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும். முழங்கால் கம்பியில் போய் இடிக்கும்.

செயின் இழுபட்டு நீள்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். தகடுகள் நீள்வதில்லை. உள்ளே இருக்கும் பின்னும் அது சுழலும் இடமும் தேய்கின்றன, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு. அத்தனை மயிரிழைகளும் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகிறது. தேய்ப்பது மண். மண்ணை உள்ளே கொண்டுபோவது பெரும்பாலும் நம் உறுப்பினர்கள் அன்போடு ஊற்றும் எண்ணெய். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, செயினை நாலு சுற்று சுற்றி, வெளியே இருப்பதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே தங்கும் எண்ணெய் புழுதி பிடிக்கத்தான் உதவும். இதைக் கரும்பலகையிலும் எழுதி வைத்தேன். அதன் கீழேயே எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவர் யாரென்று எனக்குத் தெரியும். இங்கே சொல்லவில்லை.

சரிபார்ப்பு நாளுக்கு வந்த சைக்கிள்களில் பாதிக்கு மேல் செயின் எல்லை தாண்டியிருந்தது. சவாரிக்கு வரும் கூட்டம் இந்த நாளுக்கு வராது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இடது பெடல் விவகாரத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இடது பெடலின் மரை தலைகீழானது. வலது பெடல் மற்ற எல்லாத் திருகையும் போல இறுகும், இடது எதிர்த்திசையில் இறுகும். மிதிக்கும்போது பெடல் அச்சு தன் துளைக்குள் மெல்ல உருள்கிறது. அந்த உருளல் போகும் திசையில் சாதாரண மரை இருந்தால் இடது பெடல் தானாகவே கழன்று விழுந்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. பெடலைத் தாங்கும் கிராங்குகள் சுழலும் அச்சின் வலது கப்பிலும், பரவலாகப் புழங்கும் இங்கிலீஷ் மரை என்றால், இதே தலைகீழ்தான். தெரியாதது குற்றமில்லை. ஆனால் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேர் சேர்ந்து தொங்கி, அலுமினிய கிராங்கின் மரையைப் பிய்த்தெடுத்துவிட்டு "சங்க ஸ்பேனர் சரியில்லை" என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியது நியாயமா என்று சபை முடிவு செய்யட்டும்.

டயர் கொள்முதல் பற்றியும் கேள்வி வந்திருக்கிறது. கருவி அறை மூலையில் அடுக்கிவைத்திருக்கும் டயர்கள் எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தாதது உண்மைதான். வாங்கியது நான் அல்ல. "26 அங்குலம்" என்று மட்டும் சொல்லி டயர் வாங்கக் கூடாது என்று கொள்முதலுக்கு முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தேன். 26 என்ற ஒரே எண்ணுக்குள் வேறு வேறு ரிம்கள் ஒளிந்திருக்கின்றன. மலைச் சைக்கிளின் 26-க்கு டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 என்றால் 590. 26 x 1 1/2 என்றால் 584. 28 என்று போட்டிருந்தாலும் இதே கதைதான்: 622-ம் இருக்கும், பழைய கம்பி பிரேக் சைக்கிள்களின் 635-ம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அந்த விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும், ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது. இது பொருளாளருக்கு இப்போது தெரியும்.

சரி, இனி மோட்டார் சைக்கிள் பிரிவு.

சென்ற பொதுக்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "சைக்கிள் சங்கத்தில் சேற்றில் குதிக்கும் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கைதட்டலும் விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த ஆண்டு உரைத்தொடர் ஒன்றை ஏற்பாடு செய்தேன். கேள்வி கேட்டவர் ஓர் உரைக்கும் வரவில்லை. கைதட்டியவர்களும்தான். ஆகவே சாரத்தை இங்கே தருவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

மோட்டோகிராஸ் என்ற இந்தச் சேற்றுப் பந்தயத்தின் தொடக்கம் 1924-ல், இங்கிலாந்தின் கேம்பர்லியில். அதற்கு முன்பே யார்க்‌ஷயரில் ஸ்காட் டிரையல் என்ற போட்டி இருந்தது. அதில் வேகத்தோடு, காலை ஊன்றாமல் கடினமான இடங்களைக் கடக்கும் திறமையும் கணக்கில் வரும். கேம்பர்லிக்காரர்கள் அந்தத் திறமைப் பகுதியை விட்டுவிட்டு, யார் முதலில் வருகிறார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இது ஐரோப்பா எங்கும் பரவியது. 1947-ல் நாடுகளுக்கிடையிலான மோட்டோகிராஸ் டே நேஷன்ஸ், 1952-ல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம், 1957-ல் 500 சி.சி. உலகப் பட்டம். முதல் உலகப் பட்டத்தை வென்றவர் சுவீடனின் பில் நில்சன்.

அந்தக் காலத்து வண்டிகளில் இருந்தவை கனமான ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஜெஃப் ஸ்மித் 1964, 1965 இரண்டு ஆண்டுகளிலும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ், சி.இசட். நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் வந்து அந்த யுகத்தை முடித்துவைத்தார். வால்வும் கேமும் இல்லாத, எடை குறைந்த எஞ்சின். மேட்டில் பாய்ந்து இறங்கும் வண்டிக்கு எடைதான் முதல் எதிரி.

எஞ்சின் பலம் கூடியதும் சஸ்பென்ஷன் பின்தங்கிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பின்சக்கரம் மேலும் கீழும் நகர்ந்தது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளர், இரண்டு பக்கமும் நிற்கும் ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டு, இருக்கைக்கு அடியில் படுக்கைவாக்கில் ஒரே ஒரு நீளமான ஷாக்கை வைத்துப் பார்த்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973-ல் ஹகான் ஆண்டர்சன் அந்த அமைப்போடு 250 சி.சி. உலகப் பட்டம் வென்றார். மற்றவர்கள் பழைய ஷாக்குகளைச் சாய்த்தும் முன்னே நகர்த்தியும் துரத்தினார்கள். பத்தே ஆண்டுக்குள் 10 சென்டிமீட்டர் 30 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் கவாசாகியின் யூனி-டிராக், ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், சுசுகியின் ஃபுல் ஃபுளோட்டர் என நெம்புகோல் இணைப்புகள் வந்தன. கூடவே தண்ணீரால் குளிரும் எஞ்சின், முன்பக்க டிஸ்க் பிரேக். ஃபோர் ஸ்ட்ரோக்கைப் புதைத்தாயிற்று என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 1997-ல் டக் ஹென்றி யமஹாவின் சோதனை வண்டியில் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸை, அதாவது ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸை, வென்றார். மறு ஆண்டு அது ஒய்.இசட்.400எஃப் என்று கடைக்கே வந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் காதலர்கள் இன்னும் ஆறவில்லை. நம் சங்கத்திலும் இருக்கிறார்கள்.

சைக்கிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1970-களில் கலிஃபோர்னியாவில் சிறுவர்கள் மோட்டோகிராஸ் வீரர்களைப் பார்த்துச் சைக்கிளில் மண்மேட்டில் குதித்ததுதான் பி.எம்.எக்ஸ். அதே கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976-ல் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் வைத்தார்கள். அவற்றில் இருந்தது பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் பிரேக். கீழே வருவதற்குள் உள்ளேயிருந்த கிரீஸ் காய்ந்து புகைந்துவிடும். வீட்டுக்குப் போய் ஹப்பைக் கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மலைச் சைக்கிள் அப்படித்தான் பிறந்தது. அதில் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர்களைப் பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1989-ல் ராக்‌ஷாக்ஸ் ஆர்.எஸ்.-1 முன்ஃபோர்க்கைக் கொண்டுவந்த பால் டர்னர் மோட்டார் சைக்கிள் பக்கத்திலிருந்து வந்தவர். இன்று நம் உறுப்பினர்கள் பெருமையோடு நிறுத்திவைக்கும் இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், அதே ஒற்றை ஷாக் தெரியும்.

செயின் விஷயத்திலும் இரண்டு பிரிவினருக்கும் ஒரே தலைவலி. பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது முன்பல்சக்கரத்துக்கும் பின்பல்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறது. முன்பல்சக்கரம், ஆர்மின் கீல், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். அதனால்தான் சேற்று மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் தொளதொளவென்று தொங்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை இறுக்கிய நல்ல மனதுக்காரருக்கு நன்றி, அவர் தயவில் ஒரு பேரிங் போயிற்று. கியர் சைக்கிளில் இதே தொல்லையை கியர் மாற்றும் டிரெய்லியரின் சுருள்வில் சமாளித்துக்கொள்கிறது.

மோட்டார் சைக்கிள் பிரிவு சிறுபான்மை, அவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்ற கோரிக்கை வந்துள்ளது. சந்தாவைச் செலுத்திவிட்டு எழுதியிருந்தால் அந்தக் கோரிக்கைக்கு எடை கூடியிருக்கும். இன்னொன்று: காற்று வடிகட்டியின் நுரையைக் கழுவிய வாளியை அப்படியே அறையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிரேக் திரவப் புட்டிகளையும் மாற்றி வைக்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு டாட் 4 என்ற பிரேக் திரவம். சைக்கிளில் ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். இரண்டையும் கலந்தால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும், பிரேக் பிடிக்காது. இப்போது சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும் ஒட்டியிருக்கிறேன். சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஏறக்குறைய என்பதைப் பொருளாளர் விளக்குவார். பெரும் செலவு கருவிகளுக்கும் மேற்படி டயர்களுக்கும். சில்லறைச் செலவுகளுக்கு ரசீதுகள் உள்ளன, சில தேடப்படுகின்றன. கையிருப்பு இருக்கிறது, பெருமைப்படும் அளவுக்கு இல்லை. தணிக்கையாளர் திருப்தி தெரிவித்துள்ளார், ஒரு குறிப்புடன்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை வாசிக்கும்படி இரண்டு பேர் கேட்டார்கள். கேட்ட இருவரில் ஒருவர் பெயர் பட்டியலில் இருப்பதால் வாசிக்கவில்லை. அதைவிட எனக்குக் கவலை, எடுத்துப்போய்த் திரும்பாத கருவிகள்: செயின் கட்டர், 15 அளவு பெடல் ஸ்பேனர், 13, 15 கோன் ஸ்பேனர்கள், நிப்பிள் சாவி. கோன் ஸ்பேனர் இல்லாமல் ஹப்பில் குண்டு மாற்ற முடியாது. சாதாரண ஸ்பேனர் அந்த மெல்லிய இடத்துக்குள் நுழையாது, வேறு எதைக்கொண்டும் ஒப்பேற்றவும் முடியாது. பதிவேட்டில் கையெழுத்துகள் இருக்கின்றன. சில கையெழுத்துகளைப் படிக்க முடியவில்லை, அது தற்செயல் என்றே நம்புகிறேன்.

தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், செயற்குழுவுக்கும், அறையைத் தந்து உதவிய நண்பருக்கும், சவாரிகளில் முதலுதவிப் பெட்டி சுமந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. சக்கரத்தில் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்த இளைய உறுப்பினர் இருவருக்குத் தனியாக நன்றி. அழைக்காமலே வந்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு நல்ல கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டும், போக்ஸ் கம்பியின் இழுவிசை அளக்கும் மீட்டரும் வேண்டும். இப்போதைய கையிருப்பில் இரண்டில் ஒன்றுகூட முடியாது. சந்தா முழுதும் வந்தால் இரண்டும் முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். செயலாளர் பொறுப்பில் தொடர்வது பற்றிச் சிலர் கேட்டார்கள். எனக்கு ஆசை இல்லை. சபை வற்புறுத்தினால் யோசிப்பேன், கருவி அறையின் சாவி என்னிடமே இருக்கும் என்றால்.

கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ரசீதுப் புத்தகம் கையில் இருக்கும். ஸ்பேனர்களைப் பேர் சொல்லாமல் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியிலும் போட்டுவிட்டுப் போகலாம், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்