போஸ்ட்கிரெஸ்ஸை எல்லா இடத்திலும் ஓட வைப்பவர்களுக்கு

நண்பர்களே, வணக்கம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், எழுதிப் பராமரிக்கும் குழுவில் நானும் ஒருவன். எங்களிடம் இருப்பது லினக்ஸ் கணினிகள்தான். பயன்படுத்துபவர்களோ விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு அடித்தளம் ஆடாமல் நிற்பது உங்களால்.

முதல் நன்றி, போஸ்ட்கிரெஸ்ஸைப் பல வகைக் கணினிகளில் சோதிக்கும் பில்ட்ஃபார்மில் கணினி ஓட்டுபவர்களுக்கு. 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் தொடங்கிய ஏற்பாடு அது. ஆளுக்கொரு மூலையில், ஏதேதோ சிப், நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற ஏதேதோ கம்பைலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணியின் பெயர். புது நிரலை இழுத்து, கம்பைல் செய்து, சோதித்து, முடிவை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கரண்ட் பில் மட்டும் உங்கள் வீட்டுக்கு.

அடுத்து, விண்டோஸ்காரர்கள். உங்கள் பாடு பெரும்பாடு. யூனிக்ஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தாய் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரு ஃபோர்க் போட்டால், அதாவது தன்னையே நகலெடுத்தால் போதும், தனக்குத் தெரிந்தது எல்லாம் பிள்ளைக்கும் வந்துவிடும். விண்டோஸில் ஃபோர்க்கே கிடையாது. புதிதாக ஒரு புராசஸைக் கிளப்பி, எல்லா விவரத்தையும் கையில் கொடுத்து, எல்லா புராசஸும் பகிரும் நினைவகமான ஷேர்டு மெமரியை, தாயிடம் இருந்த அதே முகவரியில் மறுபடி பொருத்த வேண்டும். அந்த இடத்தில் ஏதாவது டிஎல்எல் (விண்டோஸில் நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் பொது நிரல் கோப்பு) முன்பே உட்கார்ந்திருந்தால் இணைப்பு கிடைக்காது. 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில்தான் போஸ்ட்கிரெஸ் விண்டோஸில் நேரடியாக ஓடியது. இந்த முகவரித் தகராறு அதன் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது. லினக்ஸிலேயே இந்த முறையைச் சோதிக்க ஒரு கம்பைல் வழியும் வைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. எங்களுக்கு மிகவும் உதவியது அதுதான்.

2018-இல் எஃப்சிங்க் விவகாரத்தைத் தோண்டியவர்களையும் சொல்லியாக வேண்டும். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி முடி என்று இயங்குதளத்திடம் கேட்பதுதான் எஃப்சிங்க். வட்டில் எழுதும்போது பிழை வந்தால், லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தையும் எழுதியதாகக் குறித்துக்கொள்ளும். அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும். ஃப்ரீபிஎஸ்டி அப்படிச் செய்யாது. எந்தக் கையேட்டைப் படித்து இதைக் கண்டுபிடிப்பது? 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் சர்வரே விழுந்து, WAL எனப்படும் மாற்றப் பதிவுகளிலிருந்து மீண்டு எழுகிறது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் சரியானது.

அப்புறம், ஐபிஎம்மின் யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஏஐஎக்ஸ் ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர்கள். 17-ஆம் பதிப்பில் அதன் ஆதரவை நீக்கினார்கள். டபுள் என்ற தசம எண் வகைக்கு ஒரு அலைன்மென்ட் (நினைவகத்தில் எந்த எல்லையில் தொடங்க வேண்டும் என்ற விதி), 64 பிட் முழு எண்ணுக்கு இன்னொன்று என்ற தலைவலியைப் பார்த்தால் அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. அதுவரை பொறுமையாகப் பிழை அறிக்கை அனுப்பிய உங்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
எக்ஸ்டென்ஷன் குழுவில் ஒருவன்