ஊருணிக்கரை விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஊருணிக்கரை ஹைமாஸ்ட் விளக்கைப் பற்றிய எங்கள் மனு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் மேலே போகாதபடி மூடி போட்டு, தரையைப் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

மாசி அமாவாசையன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்51 காட்டத் தொலைநோக்கியோடு கரைக்குப் போனோம். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் சுருள் விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) அது. விளக்கு வருமுன் இதே கருவியில் இரண்டு பஞ்சுத் துணுக்காகத் தெரியும்: அதன் மையமும், ஒட்டியிருக்கும் சின்னத் துணை மண்டலமும். அன்றைக்கு வெறும் சாம்பல் வெளுப்புதான். வெகுநேரம் வரிசையில் நின்று பார்த்த ஆறாம் வகுப்புப் பெண், "எனக்கு மட்டும்தான் தெரியலையா சார்?" என்று கேட்டாள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஐயா.

நட்சத்திரம் புள்ளி, ஓரளவு தப்பித்துவிடும். இந்த மண்டலத்தின் ஒளி பரவிக் கிடப்பது. வானம் வெளுத்தால் முதலில் மறைவது அதுதான். பெரிய தொலைநோக்கி வாங்கினால் அந்த வெளுப்பும் சேர்ந்தே பெருகி வரும்.

1773இல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே கண்டபோது அது மங்கலான ஒரு திட்டு. 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு, ஆறடி உலோக ஆடி வைத்த தொலைநோக்கியில் பார்த்து அதன் சுருள் கைகளைக் கையாலேயே வரைந்தார். ஒரு விண்மீன் மண்டலத்தின் சுருள் வடிவம் முதலில் தெரிந்தது இதில்தான். இருட்டு இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பிள்ளைகள் செல்போனில் பார்த்தாயிற்று. ஆனால் ஏறக்குறைய 3 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி தன் கண்ணிலேயே விழுவது வேறு.

நம் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் வளவின் நடுவே முற்றம் வைத்து வானத்துக்கு இடம் விட்டார்கள். இன்று மண்டபம், கடை, அலங்கார வளைவு என்று எல்லாம் விடிய விடிய மேலே பார்த்து எரிகிறது. தெருவிளக்குக்குக் கட்டுகிற பணம் எங்கள் வரிதானே? அதில் ஒரு பங்கை ஏன் வானத்துக்கு அனுப்ப வேண்டும்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இரவில் பெண்கள் நடந்துவர வெளிச்சம் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. மூடி போட்டால் அவர்கள் காலடிக்கு வெளிச்சம் கூடத்தான் செய்யும். ஒரு மூடி, பத்து மணிக்கு மேல் பாதி வெளிச்சம். சித்திரை அமாவாசைக்குள் தயவுசெய்து செய்து கொடுங்கள். அந்த மாதம் எம்51 இரவில் நன்றாக உயர்ந்து நிற்கும்; அதே பிள்ளைகளை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் அறிவியல் ஆசிரியர்