அந்தக் கதவைச் சாத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளாகி மீண்டுவரும் பெண்களுக்கு இணையவழி உளச்சிகிச்சை எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பதினான்கு ஆண்டுகளாக இப்பெண்களோடு பணியாற்றும் உளவியல் ஆலோசகர் என்ற முறையில் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் நான் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒரு விஷயம் அதில் விடுபட்டிருக்கிறது.

நேரில் வரும் பெண்ணுக்குக் கதவைச் சாத்தித் தருவது என் வேலை. அவர் பேசி முடிக்கும்வரை யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. காணொளி அழைப்பிலோ அந்தக் கதவு அவர் வீட்டில் இருக்கிறது. அதைச் சாத்துவதும், ஏன் சாத்தினாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் தலையில் விழுகின்றன.

என்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவர், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன், முதல் மூன்று அமர்வுகளையும் குளியலறையில் உட்கார்ந்து பேசினார். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் அவர் குரலைவிடத் தண்ணீரின் இரைச்சலே எனக்கு அதிகம் கேட்டது. முக்கியமான கேள்வி எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காமல் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவார். குழாயை மூடினால் வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள் என்ற பயம். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று மூன்றாவது அமர்வின் முடிவில்தான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

இதனால் இணையவழிச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தொலைவிலிருந்து துணை நிற்பது இத்துறைக்குப் புதிதும் அல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளாகி அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு ஓராண்டுக் காலத்தில் வந்த 146 பேரைச் சந்தித்து, அதன் மனக்காயத்தை 1974ஆம் ஆண்டு முதன்முதலாக முறையாக விவரித்த ஆய்வாளர்கள் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோல்ம்ஸ்ட்ராம் ஆகிய இருவரும் மருத்துவமனைச் சந்திப்புக்குப் பிறகு அவர்களில் பலரோடு தொலைபேசி வழியாகவே தொடர்பில் இருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா ரெசிக் பாலியல் வன்முறையிலிருந்து மீளும் பெண்களை மனத்தில் வைத்து உருவாக்கிய சிகிச்சைமுறை, பெரும்பாலும் பன்னிரண்டு அமர்வுகளில் முடிவது, எழுத்தையும் உரையாடலையும் கொண்டே நடப்பது. ‘நான் கத்தியிருந்தால் அது நடந்திருக்காது’ என்று ஒரு பெண் தன்னைத்தானே குற்றம் சாட்டும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, அது உண்மைதானா என்று இருவரும் சேர்ந்து ஆராய வேண்டும்; பேரச்சத்தில் உடல் தானாகவே உறைந்துபோவதுண்டு, அதற்கும் சம்மதத்துக்கும் தொடர்பே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபடும். அதைத் திரை வழியாகச் செய்யும்போதும் பலன் குறைவதில்லை என்று பெண்களிடம் நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது. பயணம் செய்ய முடியாதவருக்கும், காத்திருப்போர் அறையில் தெரிந்தவர்களைச் சந்திக்க அஞ்சுபவருக்கும் இது உண்மையாகவே வாழ்வு தரும் வழி.

ஆனால் திரையில் எனக்குத் தெரிவது முகம் மட்டுமே. நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றி மனம் இருக்குமிடத்தை விட்டு விலகத் தொடங்கும்போது கைகளும் கால்களும்தான் முதலில் சொல்லும். அவை கேமராவுக்கு வெளியே இருக்கின்றன. அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால் அவர் அங்கே தனியாக இருப்பார். ஆகவே இப்போது நான் ஒவ்வோர் அமர்வையும், எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் அழைக்கலாம் என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்வதற்குச் சாதாரணமாக ஒலிக்கும் ஒரு வாக்கியத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். ஹெட்ஃபோன் என் குரலை மறைக்குமே தவிர, அவர் குரலை மறைக்காது. துன்புறுத்தியவரே அதே வீட்டில் இருந்து, அவர் அப்பெண்ணின் செல்போனையும் எடுத்துப் பார்ப்பவராக இருந்தால், பூட்டிய திரையில் வந்து நிற்கும் ஓர் அறிவிப்பே ஆபத்தாகிவிடும்.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடந்த கொடுமையைப் படம்பிடித்து மிரட்டப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முகத்தைக் காட்டுங்கள் என்று வற்புறுத்துவது அந்தக் கருவியை மறுபடியும் அவர்கள் முன் நீட்டுவதற்குச் சமம். குரல் மட்டும், அல்லது எழுத்து மட்டும் போதும் என்று அவர் சொன்னால், அதைச் சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுப்பதாகச் சிகிச்சையாளர்கள் கருதக் கூடாது. கேமராவை வைத்துக்கொள்பவர்களும் தங்கள் முகம் தங்களுக்கே தெரியும் அந்தச் சிறிய கட்டத்தை மறைத்துவிடலாம். அழும்போது தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பலருக்கு வெட்கத்தையே கூட்டுகிறது.

பேசியவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதும் அதே கதவைச் சேர்ந்த கேள்விதான். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட பதிவுகளைக் காட்டி, 2020ஆம் ஆண்டில் சிகிச்சை பெற்றவர்களுக்கே பணம் கேட்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் சென்றன. அமர்வைப் பதிவு செய்கிறீர்களா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா என்று முதல் அமர்விலேயே கேட்க ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. இக்கேள்விகளுக்கு எரிச்சலடையும் சிகிச்சையாளரை விட்டு விலகுவதே நல்லது.

நான் குறிப்பிட்ட பெண், பிறகு வாரம் ஒருமுறை தோழியின் வீட்டிலிருந்து பேசத் தொடங்கினார். தண்ணீரின் இரைச்சல் இல்லாமல் அவர் குரலை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட உரத்த குரல் அது. அப்படி ஓர் இடம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனவே இப்பொருள் குறித்து இனி வெளியிடும் கட்டுரைகளில், உதவி எண்களோடு, ஒரு பெண் முதல் அழைப்புக்கு முன் தன் சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டிய இக்கேள்விகளையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓர் உளவியல் ஆலோசகர்