கரைக்குச் சிமெண்ட் வேண்டாம், பாதையைத் திறந்துவிடுங்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம், கே.வி.குப்பம் ஒன்றியங்களின் ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்தது. 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைத்தடம். மறு ஆண்டு அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் முதலாவது நகரத்தில் இருப்பவர்களுக்கு எட்டும், இரண்டாவது உடம்பில் தெம்பும் கையில் காசும் இருப்பவர்களுக்கு எட்டும். சர்க்கரை வந்து, "தினமும் நடங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே நடப்பார்கள்? தார்ச்சாலையில் கரும்பு லாரிக்கும் மணல் டிராக்டருக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஊரில் பாதைக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை, வரத்துக் கால்வாய்க் கரை, கழனிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, காட்டோரத்து ஆடுமாட்டுத் தடம் என்று நாலு திசையிலும் இருக்கிறது. எங்களுக்குப் புதிதாக எதையும் கட்டித்தர வேண்டாம். இருப்பதை அளந்து, முள்ளை வெட்டி, அடைப்பை எடுத்துவிட்டால் போதும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தை, மாசியில் காலை ஆறு மணிக்கு ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் எதிலாவது ஏரிக்கரை மேல் ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பத்தடி பள்ளத்தில் ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டுக் கழனி. மதகுக் கல்லின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும். நடவு வயலில் நத்தைகுத்தி நாரைகள் சேற்றைக் கிளறும். கரையை விட்டு இறங்கினால் கத்தரித் தோட்டம். இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தச் செடியைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. காம்பில் முள், இலை நரம்பில் முள், காயைப் பிடித்திருக்கும் பச்சைத் தொப்பியிலும் முள். அதை வெறுங்கையால் பறிக்கும் அம்மாவுடன் வரப்பில் நின்று நாலு வார்த்தை பேசினால், சந்தையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்க நமக்கு வாய் வராது. தோட்டம் தாண்டி நாழிகை நேரம் நடந்தால் வெப்பாலையும் ஆவாரையும் தொடங்கும். அங்கே காடு.

இந்த நடைக்கு மலையேறும் கால் வேண்டாம். எழுபது வயதுக்காரரும் பேரப்பிள்ளையும் சேர்ந்து போகலாம். குடியாத்தம் பக்கத்து ஊர்களில் மோர்தானா அணைத் தண்ணீர் கால்வாயில் வரும் நாட்களில் அந்தக் கரையிலும் இப்படித்தான் நடக்கலாம்.

பொதுப்பணியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் நடக்கும் கரைதான் உயிரோடு இருக்கிறது. ஏரிக்கரை பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் நண்டு வளையோ எலி வளையோ விழும். அதன் வழியாகத் தண்ணீர் கசியும். கரையின் வெளிச்சரிவில் காலை வைத்தால் சொதசொதவென்று இருக்கும். தெளிந்த நீராகக் கசிகிற வரை நேரம் இருக்கிறது. கலங்கி வந்தால் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உடனே மணல் மூட்டை போட வேண்டும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள் கண்ணில்தான் படும். 2021 நவம்பரில் பாலாறு பெருகி, வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போனபோது, கரையைக் காத்தது இரவெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு நடந்த ஊர்க்காரர்கள்தான். முள் மண்டிய கரையில் அப்படி யாரால் நடக்க முடியும்?

'ஏரி அழகுபடுத்துதல்' என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கரை மேல் பேவர் பிளாக், இரண்டு பக்கமும் கம்பி வேலி, வாசலில் கேட், கேட்டுக்குப் பூட்டு. பூட்டு வந்த அன்றைக்கே புல் அறுக்கப் போகிற பெண்ணுக்கும் மாடு ஓட்டிப் போகிறவருக்கும் அந்தக் கரை அந்நியமாகிவிடுகிறது. கல் பதித்த பாதையில் முதல் மாதம் நடப்பார்கள், அடுத்த மாதம் பைக் ஓடும், பிறகு கார் வந்து நிற்கும். இரவு முழுக்க எரியும் விளக்கால் மரத்தில் அடையும் பறவைகளுக்கும் தொல்லை. எங்களுக்கு மண் பாதையே போதும். நிழலுக்கு இருக்கிற பனையையும் புங்கனையும் வெட்டாமல் விட்டால் அதுவே பெரிய உபகாரம்.

வண்டிப்பாதைகள் கதை வேறு. அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கிராம வரைபடத்தில் கோடு இருக்கும், ஊர் நிலங்களின் கணக்கான 'அ' பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றோ 'வாய்க்கால் புறம்போக்கு' என்றோ சர்வே எண்ணோடு இருக்கும். நேரில் போனால் ஒரு பக்கத்துக்காரர் வரப்பை இரண்டடி தள்ளிப் போட்டிருப்பார், எதிர்ப்பக்கத்துக்காரரும் இரண்டடி. எங்கள் ஊருக்குக் கிழக்கே கால்வாயோரம் போன பாதையில் மனைப்பிரிவு வந்தது. கல் நட்டார்கள், முள்கம்பி இழுத்தார்கள். இப்போது அந்தப் பக்கத்துக் கழனிக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மனு கொடுத்தும் இன்னும் யாரும் வந்து அளக்கவில்லை.

நடைபாதை என்பது பொழுதுபோக்கு, அதற்கு என்ன அவசரம் என்று தோன்றலாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே பார்த்தது. அப்போது அது வேலூர் மாவட்டம்தான். காலை நடைக்கு அடைபடுகிற பாதையும், காலனிக்கும் சுடுகாட்டுக்கும் அடைபடுகிற பாதையும் ஒரே வரைபடத்தில் ஒரே மாதிரி கோடுகள். ஒன்றை அளந்து மீட்கும்போது மற்றதையும் மீட்க வேண்டும். காலனிப் பக்கத்துப் பாதையை விட்டுவிட்டு ஏரிக்கரையை மட்டும் திறப்பதாக இருந்தால், அந்தக் காரியத்தில் எனக்கு உடன்பாடில்லை.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பாதையை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் இருக்கின்றன. புல் மூடிவிட்டால் விளிம்பே தெரியாது. காட்டோரக் கழனிகளில் காட்டுப்பன்றிக்கென்று சிலர் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுக்கிறார்கள். பன்றியால் நஷ்டம் என்பது உண்மை, அதற்கு வனத்துறை இழப்பீடு தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். மின்வாரியம் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் இந்தப் பாதைகளை ஒருமுறை நடந்தே பார்க்கட்டும்.

ஆள் இல்லை, நிதி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நிலத்தடி நீரைப் பெருக்கும் உறைகிணறுகளையும் கல் தடுப்புகளையும் கட்டி, வற்றிய ஆற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது இந்த மாவட்டத்தில்தான். அவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் கரையில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது பெரிதல்ல. உரிய கூலியை மட்டும் நேரத்துக்குக் கொடுங்கள்.

ஊராட்சி மன்றத் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்து வரும் கூட்டத்தில் ஊருக்கு ஒரு பாதை என்று தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போடுங்கள். 'அ' பதிவேடும், நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன, சர்வே எண்ணைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்களைக் கேளுங்கள். எந்த வளைவில் குடிகாரர்கள் உட்காருகிறார்கள், எந்தத் தோப்புப் பக்கம் விடியலில் தனியாகப் போக முடியாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆட்சியர் அவர்களே, அந்தத் தீர்மானம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்ததும் நில அளவருக்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவில் என்றால் அறுவடை முடிந்த கழனியில் அளக்கச் சுலபம், பயிரும் பாழாகாது. வரும் தேதியை ஒரு வாரம் முன்பே ஊரில் தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டால் பாதைக்கு இரு பக்கத்து நிலக்காரர்களும் கூட இருப்பார்கள். அவர்கள் முன்னாலேயே கல் நடட்டும்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டத்துக் கிராமவாசி