செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நைட் டூட்டி முடித்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் வாதாடியதும் ஒரே விஷயத்துக்காக: டாக்டர்கள் எழுதும் ஆர்டரைப் படிக்க முடியவில்லை.

அது தொடங்கிய இரவைப் பதிவு செய்கிறேன். கேஸ் ஷீட்டில் இன்சுலின் 6 என்று இருந்தது. பக்கத்தில் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யூ' எழுத்து, மேலே வாய் ஒட்டிப்போய் பூஜ்யம் மாதிரியே இருந்தது. "அறுபதுன்னுதான்க்கா போட்டிருக்கு" என்றாள் கூட இருந்த இளைய சிஸ்டர். சிரிஞ்சைக் கையில் எடுத்தும்விட்டாள். 60 யூனிட் போயிருந்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கி, நோயாளி தூக்கத்திலேயே நினைவிழந்திருக்கக்கூடும். டூட்டி டாக்டரைப் போனில் எழுப்பினேன். "இதுகூடப் படிக்கத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டார். பிறகு, 6 என்றார். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. எழுப்பியதற்காக நான் வருந்தவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஆளுக்கொன்று எடுத்து வைத்தார்கள். 'ஓடி' என்றால் பொது வார்டில் தினம் ஒரு வேளை, கண் வார்டில் வலது கண். 'எம்எஸ்' மார்ஃபினா, மெக்னீசியம் சல்ஃபேட்டா? தினம் ஒரு வேளை என்பதற்கான 'க்யூடி'யின் நடுவே பேனா ஒரு கோடு இழுத்துவிட்டால் 'க்யூஐடி' ஆகி, ஒரு வேளை மருந்து நாலு வேளையாகிறது. 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10. முன்னால் பூஜ்யம் இல்லாத .5 சுலபமாக 5 ஆகிவிடும். மைக்ரோகிராமுக்கான 'மியூ' குறியை 'எம்' என்று படித்தால் டோஸ் ஆயிரம் மடங்கு.

இது நம் வார்டுகளின் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இலேயே 'யூ', 'க்யூடி', 'எம்எஸ்', தேவையற்ற கடைசி பூஜ்யம் எல்லாவற்றையும் எழுதக்கூடாதவை என்று பட்டியல் போட்டுவிட்டது. நிர்வாகத்திடம் நாம் கொடுத்த மனுவும் அதையொட்டியே கேட்டது: யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும், மருந்தின் பெயர் கேப்பிட்டல் எழுத்தில் வேண்டும், போனில் சொல்லும் ஆர்டரை நாம் திருப்பி வாசிக்கும்வரை டாக்டர் லைனில் இருக்க வேண்டும்.

அவசரத்தில் இத்தனையும் எழுத முடியுமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். அவர்களுடைய வேலைச்சுமை நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கடைசியில் ஊசியோடு கட்டில் பக்கத்தில் நிற்பவர் நாம்தான். சிலர் மாறியிருக்கிறார்கள். போன மாதம் அதே இளைய சிஸ்டர் ஒரு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காட்டினாள்: '6 யூனிட்', ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. கம்ப்யூட்டர் வந்தால் கையெழுத்துச் சிக்கல் தீரும். பட்டியலில் பக்கத்து வரியைத் தட்டிவிடும் ஆபத்து அப்போதும் இருக்கும்.

நம் பக்கமும் தவறு உண்டு. டூட்டி மாறும்போது நாம் எழுதும் குறிப்பிலும் அதே சுருக்கங்கள்தான். அதை இன்றே நிறுத்த வேண்டும்.

புரியாத ஆர்டருக்குக் கேட்காமல் மருந்து கொடுப்பதில்லை, கேட்டதற்காகத் திட்டு வாங்கும் சிஸ்டருக்குச் சங்கம் துணை நிற்கும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். இவ்வறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்