வட்டமெல்லாம் படர்தாமரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பாமசியில் கையை நீட்டி, "கடிக்குது, ஏதும் கிறீம் ஒண்டு தாங்கோ" என்று கேட்டு வாங்குவது கொழும்பில் பலருக்குப் பழகிப்போன விஷயம். பல வேளைகளில் கிடைப்பது ஸ்டீரொய்ட், பங்கசு மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்த ரியூப். இரண்டு மூன்று நாளில் கடி (அரிப்பு) அடங்கிவிடும். கோளாறு தொடங்குவதும் அங்கேதான்.

படர்தாமரை பங்கசால் வருவது. ஸ்டீரொய்ட் அழற்சியை அமுக்கும். பங்கசை எதிர்க்கும் தோலின் பலத்தையும் சேர்த்து அமுக்கும். மேலே அடங்கியது போலிருக்க, தொடையிடுக்கில் இருந்தது இடுப்புக்கும் பிட்டத்துக்கும் படரும். பூசுவதை விட்டதும் முன்னிலும் மோசமாகத் திரும்பும். ஓரமும் குலைந்திருப்பதால் பார்க்கிற வைத்தியரே தடுமாறுவார். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீரொய்ட். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றில் விழுவது போன்ற கோடுகள் விழும். அவை முற்றாக மறையாது. இத்தனைக்கும் ஸ்டீரொய்ட் கெட்ட மருந்தல்ல. கரப்பானுக்கு (எக்சிமா) அதுவே சரியான மருந்து. நோய் மாறிப் பூசுவதுதான் பிழை.

படர்தாமரையை ஓரத்தில் பாருங்கள். ஓரம் தடித்துச் செதில் கட்டியிருக்கும், நடு ஆறிக்கொண்டு வரும். நடுவும் ஒரே தடிப்பாக நீர் கசிந்தால் கரப்பானாக இருக்கலாம். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் அடுக்கடுக்காக உதிர்ந்து, நகத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ். இவை இரண்டும் தொற்றாது. துவாயைத் தனியாக வைக்க வேண்டியவர் படர்தாமரைக்காரர்தான். படங்களில் காட்டும் சிவப்பை நம் தோலில் தேட வேண்டாம். கபிலமாக, ஊதாவாக, சிலருக்குச் சாம்பல் நிறமாகவே தெரியும்.

படர்தாமரைக்கு, குளோட்ரிமசோல் என்ற பங்கசு மருந்து மட்டும் உள்ள கிறீமை நாளுக்கு இரண்டு வேளை, ஓரத்துக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் வரை பூசி, தடயம் மறைந்த பின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். கடி நின்ற அன்றே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது.

இரவில் கடி கூடி, வீட்டில் இன்னொருவரும் சொறியத் தொடங்கினால் ஸ்கேபீஸ், அதாவது தோலுக்குள் புகும் சிறு பூச்சியால் வரும் சொறியாக இருக்கலாம். விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், தொப்புளைச் சுற்றி, ஆண்குறி ஆகிய இடங்களைப் பாருங்கள். முதல்முறை தொற்றினால் கடி தொடங்க 3 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே கடி இல்லாதவரும் அதே இரவில் பூச வேண்டும். போடிங் அறை என்றால் அறையில் உள்ள எல்லோரும். 5% பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடியும் விடாமல், உலர்ந்த தோலில் பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு வைத்தியரைக் கேட்டே பூச வேண்டும். பூச்சி செத்த பிறகும் கடி சில வாரம் நீடிக்கலாம். மருந்து பிடிக்கவில்லை என்று நாள்தோறும் பூசினால் தோல் எரிந்து புதுக் கரப்பான்தான் வரும்.

வெளிறிய திட்டெல்லாம் தேமலும் அல்ல. பஞ்சைத் திரித்து நுனியால் திட்டைத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரிடம் தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமலில் உணர்ச்சி குறையாது. குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்குக் கட்டிய வைத்தியசாலையின் காலத்துப் பயம் இன்றைக்கு வேண்டியதில்லை; கூட்டு மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம், குணமாகும்.

கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய ரியூப்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். தீர்ந்துபோன ரியூப் என்றாலும் லேபிளை வாசிக்கலாம்.

தோல்நோய்ப் பிரிவு வைத்தியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.