நிதியை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்திடாதீர்கள்

கலிபோர்னியாவின் அலமீடா கவுன்டியில் வாக்குரிமை பெற்ற தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். குற்றங்களுக்கு வழக்குத் தொடர மறுக்கும் ஊர்களுக்கு மத்திய அரசு தரும் நிதியை நிறுத்த வேண்டும் என்று கேட்கும் மனு ஒன்று நம்மவர்களிடையே சுற்றி வருகிறது. உங்களில் பலர் கையெழுத்திட்டுவிட்டீர்கள். தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தேதான் திருடர்கள் வருகிறார்கள். ஃப்ரீமாண்ட்டில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்துப் புகுந்து, அந்த அம்மாவுக்குத் தாய்வீட்டில் போட்ட காசுமாலையைக் கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ்காரர் அலமாரி இழுப்பறைகளில் கரும்பொடி தடவிக் கைரேகை எடுத்தார். மெத்தை, தலையணை எங்கும் அந்தப் பொடி. "பிடித்தாலும் விட்டுவிடுவார்கள்" என்று அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அந்தக் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும், கருவி வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்க ஒருவர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவிடக்கூடிய நிதிதான் வாஷிங்டனிலிருந்து வருகிறது. அதில் முக்கியமானது எட்வர்ட் பர்ன் நினைவு நிதி. போதைப்பொருள் கும்பலைப் பற்றிப் புகார் கொடுத்த ஒருவரின் வீட்டுக்கு வெளியே காரில் காவலிருந்தபோது, 1988 பிப்ரவரியில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட 22 வயதுப் போலீஸ்காரர் அவர். அவர் பெயரிலான பணத்தை நிறுத்தித்தான் குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்டப் போகிறோமா?

அந்தப் பணத்தைப் பங்கிடும் முறையைக் கவனியுங்கள். ஒரு மாநிலத்தின் பங்கை மக்கள்தொகையும் வன்முறைக் குற்றங்களின் அளவும் தீர்மானிக்கின்றன. அதில் 40 சதவீதம் உள்ளூர் அரசுகளுக்குரியது. எந்த ஊரில் வன்முறைக் குற்றம் அதிகமோ அந்த ஊருக்குக் கூடுதலாகப் போகிறது. அப்படியானால் நிதியை வெட்டும்போது பெரிய அடி யாருக்கு விழும்? அமைதியான ஊர்களுக்கு அல்ல. துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் வாழும், நம் கவுன்டியின் ஓக்லாந்துக்குத்தான்.

வழக்குத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மாவட்ட அரசு வழக்கறிஞர். அவரைக் கவுன்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. ஃப்ரீமாண்ட் மேயரோ போலீஸ் தலைவரோ அவருக்கு உத்தரவிட முடியாது. அவர் முடிவுக்காக நம் நகரப் போலீஸின் பணத்தைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

"எங்கள் வரிப்பணத்துக்கு நிபந்தனை போடக் கூடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போடலாம். மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் வரை பிடித்தம் செய்வது செல்லும் என்று 1987இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அங்கே, பணத்தை இழக்கும் மாநிலமே சட்டத்தைத் திருத்திப் பணத்தை மீட்டுக்கொள்ளலாம். இங்கே பணத்தை இழக்கும் நகரத்தின் கையில் அந்த அதிகாரமே இல்லை.

அதிகாரம் நம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தியும் இருக்கிறோம். 2024 நவம்பரில் நம் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த பமீலா பிரைஸை இந்தக் கவுன்டி வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அதே நாளில் திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கடுமையாக்கும் 36ஆம் முன்மொழிவைக் கலிபோர்னியா ஏற்றது. 2022இல் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞர் செசா பூடினையும் வாக்காளர்கள் இப்படியே திரும்ப அழைத்தார்கள். எதிர்த்திசையிலும் மக்கள் பேசியிருக்கிறார்கள்: புளோரிடாவில் ஆளுநர் 2023இல் இடைநீக்கம் செய்த அரசு வழக்கறிஞர் மோனிக் வோரலை, அடுத்த ஆண்டே வாக்காளர்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது அவர்கள் உரிமை.

வழக்குத் தொடர மறுக்கும் ஊர்கள் எவை என்ற பட்டியலை யார் போடுவார்கள் என்பது என் பெரிய அச்சம். 2020 செப்டம்பரில் மத்திய அரசின் நீதித் துறை நியூயார்க், போர்ட்லேண்ட், சியாட்டில் நகரங்களை அராஜகத்துக்கு இடம் கொடுப்பவை என்று அறிவித்தது; நிதியை நிறுத்துவதே நோக்கம். 2025 ஆகஸ்டில், ரொக்கப் பிணையை (கைதானவர் விசாரணை வரை வெளியே இருக்கப் பணம் கட்டும் முறையை) ஒழித்த இடங்களைப் பட்டியலிட்டு நிதியை நிறுத்த வழி தேடும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்த ஷெரிப்புகள், அதாவது கவுன்டிப் போலீஸ் தலைவர்கள், பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கவுன்டிகள் அந்த 2020 பட்டியலில் இல்லை. ஆட்சி மாறினால் பட்டியலும் மாறும். அல்லல்படுவது மட்டும் ஏதோ ஓர் ஊராக இருந்துகொண்டே இருக்கும்.

மனுதான் வேண்டுமென்றால் நம் கவுன்டிக்கே ஒன்று எழுதுவோம். போலீஸ் அனுப்பிய வழக்குகள் எத்தனை, அவற்றில் எத்தனை நிராகரிக்கப்பட்டன, சாட்சியம் போதாமலா வேறு காரணமா என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் மாதந்தோறும் வெளியிட வேண்டும். வீடு புகுந்து திருடும் வழக்குகளைத் தனியே காட்ட வேண்டும். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

அன்புடன்,
ஃப்ரீமாண்ட் வாக்காளர் ஒருவர்